கூப்பிட்டான் கல்லு

அது ரொம்ப முந்தி. இந்தக் கம்மாக்கரைப் பனைமரமெல்லாம் முழங்கால் ஒசரத்துக்கு நின்ன காலம்னு வச்சுக்கங்களேன். அப்ப எருக்கலங்குடின்னு ஒரு ஊரு. வேற ஊரு இல்ல, இந்த ஊருதான். ஊருக்குக் கெழக்க கம்மா, மேக்க அரமனை. கம்மாத் தண்ணியில நெல்லு வெளையும். வெளஞ்சதுல பாதி அரமனைக்குப் போகும். மடையத் தெறக்குறதும் அரமனை சொல்லுத்தான், அடைக்கிறதும் அரமனை சொல்லுத்தான்.

அந்த அரமனை லாயத்துல குதிரை பாத்தவரு கூரியன். எங்க அம்மா வழியில மூத்தவரு. எத்தனை தலைமுறைக்கு முந்தின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எங்க அம்மாவும் "மூத்தவரு"ன்னுதான் சொல்லும். ஆளு நெட்டையாம். பேச்சு கம்மியாம். அவரு கையில கம்பு பாத்தவுக இல்லன்னு சொல்லுவாக. பொண்டாட்டி பேரு நாச்சி. ஒரு மகளும் உண்டு. நாச்சிக்குப் பேச்சு கம்மி இல்ல. புருசனுக்கும் சேத்து அதுவே பேசும்.

ஒரு வருசம் கடக்கரைக்குக் கப்பல்ல குதிரைக வந்து எறங்குச்சு. அரமனை ஐயா போயி ஒரு பெட்டைக் குட்டிய வாங்கிட்டு வந்தாரு. மழைக்காலத்து மேகம் இருக்குமுல்ல, அந்த நெறம். தாய்க்குதிரை கப்பல்லயே செத்துப் போச்சாம். குட்டியக் கயித்தப் போட்டு இழுத்து இழுத்தே கொண்டாந்திருக்காக. கழுத்துல தோலு உரிஞ்சு கெடந்துச்சாம். லாயத்துல கட்டுனாக. ஒருத்தன் தண்ணி காட்டப் போனான், கையக் கடிச்சிருச்சு. ஒருத்தன் பின்னால போனான், நெஞ்சுல ஒதச்சிருச்சு. அதுக்கப்பறம் யாரும் கிட்டப் போகல. தூர நின்னு புல்ல வீசிட்டு ஓடியாந்துருவாக.

அரமனை ஐயா வந்து பாத்தாரு.

"டேய் கூரியா, இது ஆகுமா ஆகாதா? ஆகாதுன்னா சொல்லு, வேட்டைநாய்க்குப் போட்ருவோம்."

"ஆகும் சாமி. நாளு வேணும்."

"எம்புட்டு நாளு?"

"அதக் குட்டிதான் சொல்லணும் சாமி."

சுத்தி நின்னவுக சிரிச்சாக. ஐயாவும் சிரிச்சாரு. "சரி, கேட்டுச் சொல்லு"ன்னு போயிட்டாரு.

அது கோடை. கம்மா வறண்டு பொட்டலாக் கெடந்துச்சு. கூரியன் குட்டியக் கொண்டுபோயி கம்மாக்குள்ள அவுத்து விட்டாரு. சுத்திக் கரை இருக்குல்ல, எங்கிட்டும் போயிராது. இவரு பொட்டல் நடுவுல போயி ஒக்காந்தாரு. எப்படி ஒக்காந்தாரு? குட்டிக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஒக்காந்தாரு. பாத்தாரா? பாக்கல. தொட்டாரா? தொடல. விடியக்காலம் போயி ஒக்காருவாரு, வெயிலு ஏறுனா வந்துருவாரு. சாயங்காலம் போயி ஒக்காருவாரு, பொழுது விழுந்தா வந்துருவாரு.

ஊரு பூராவும் இதே பேச்சு. "கூரியனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை கணக்கா வெக்கப்பட்டு ஒக்காந்திருக்கான் பாரு"ன்னு.

நாச்சிக்கு மானம் போகுது. "ஏய்யா, கழுதையக் கட்டி மேச்சாலும் நாலு சொமை சொமக்கும். நீ என்னத்தக் காவல் காக்குற?"

"அது என்னையப் பாத்துக்கிட்டு இருக்கு பிள்ள. பாத்து முடிக்கட்டும்."

அப்படி இருக்கயில ஒரு நாளு, முதுகுக்குப் பின்னால காலடிச் சத்தம். மொள்ள வருது. நிக்கிது. மறுபடி வருது. கழுத்துல சூடா மூச்சு படுது. திரும்புனாரா? திரும்பல. தொட்டாரா? தொடல. எந்திரிச்சு, அது பக்கம் பாக்காம நடந்து வீட்டுக்கு வந்துட்டாரு. வந்து சொன்னாராம், "நாச்சி, இன்னைக்குக் கஞ்சிய நெறைய ஊத்து"ன்னு.

அதுக்கப்பறம்தான் கை வச்சாரு. மொதல்ல தோளு. அப்பறம் கழுத்து. அந்தப் புண்ணுக்கு வேப்பெண்ணெய். அப்பறம் வயிறு, காலு, குளம்பு. முகத்துல கயித்த மாட்டுனாரு. இழுத்தாரா? இழுக்கல. லேசா ஒரு பிடி பிடிப்பாரு. அது ஒரு எட்டு எடுத்து வச்சதுன்னா, பட்டுன்னு கயித்தத் தளர விட்ருவாரு.

நாச்சி கேட்டுச்சாம், "இழுத்தாத்தானய்யா வரும், விட்டா எப்படி வரும்?"

"இழுக்கயில எல்லாக் கையும் ஒரே கைதான் பிள்ள. கேட்டதச் செஞ்ச ஒடனே எவன் விடுறானோ, அவன் கையத்தான் அது நம்பும்."

நம்பிக்கை மட்டும் இல்ல, மரியாதையும் படிச்சுக் குடுத்தாரு. செல்லம் குடுத்துக் கெடுக்கல. கொள்ளு வச்சா முட்டித் தள்ளக் கூடாது, திண்ணுன்னு சொல்ற வரைக்கும் நிக்கணும். காலக் கேட்டா காலக் குடுக்கணும். மனுசன் பக்கத்துல வந்தா ஒதுங்கி எடம் விடணும், மேல ஏறி மிதிக்கக் கூடாது. பயந்தா ஓடக் கூடாது. நிக்கணும். நின்னு இவரத் தேடணும். இவரு மொகத்தப் பாத்து, இவரு பயப்படலன்னா அதுவும் பயப்படாது. பனையோலையக் கட்டி இழுத்துக்கிட்டுப் பக்கத்துல ஓடுவாரு. தவுல்காரரக் கூட்டியாந்து தட்டச் சொல்லுவாரு. ஈரச் சேலைய முதுகுல போடுவாரு, எடுப்பாரு. அது நடுங்கும். நடுங்கிக்கிட்டே நிக்கும். இவரு மொகத்தப் பாக்கும். அப்பறம் தலையத் தாழ்த்தி வாயச் சவைக்கும். சரின்னு சொல்லுதுன்னு அர்த்தம்.

கூப்பிடுறதுக்கு ஒரே சொல்லுத்தான். "தாயீ..." அப்படின்னு நீட்டிக் கூப்பிடுவாரு. அது கம்மாயோட அந்தக் கோடியில நின்னாலும் காதத் தூக்கும். தூக்குனா வந்துரும். அந்தச் சொல்ல மட்டும் அவரு காசா நெனச்சு வச்சிருந்தாராம். சும்மா கூப்பிட மாட்டாரு. கூப்பிட்டு வந்துச்சுன்னா ஒரு கை கொள்ளு இருக்கும், இல்லாட்டிப் பிடரியச் சொறிஞ்சு விடுவாரு, இல்லாட்டி நெழலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. அவரு சொல்லுவாராம்: "கூப்பிட்டு வந்தத வெறுங்கையா அனுப்பக் கூடாது. கூப்பிட்டு வச்சு அடிக்கவே கூடாது. அடிச்சா அடுத்த தடவை கூப்பிட வாயிருக்கும், வர ஆளிருக்காது."

குட்டிக்குக் கொண்டல்னு பேரு வச்சது நாச்சிதான். கொண்டல் காத்து வந்தா மழை வருமுல்ல, அந்தப் பேரு.

அரமனை ஐயாவுக்கு ஒரே மகன். சின்ன ஐயான்னு சொல்லுவாக. எளந்தாரி. வந்து பாத்தான், கொண்டல் மேல ஆசையாப் போச்சு. "நான் ஏறணும்"னான்.

கூரியன் சொன்னாரு, "ஏறலாம் சாமி. ஏறுறதுக்கு முந்தி நடக்கணும். கயித்தப் பிடிச்சுக் கூடவே நடங்க. அது உங்களத் தெரிஞ்சுக்கட்டும்."

"நான் என்னடா குதிரைக்காரனா?"

சொன்னான். ஆனா மறுநா விடியக்காலம் தனியா வந்து நின்னானாம். இது பொய் இல்ல. அவன் வந்தான். கயித்தப் பிடிச்சான், கூரியன் சொன்ன மாதிரி விட்டான், கொண்டல் அவன் பின்னால வந்துச்சு. அவன் நின்னா அதுவும் நின்னுச்சு. அவன் பின்னால ஒரு எட்டு வச்சா அதுவும் வச்சுச்சு. சின்னப்பிள்ளை கணக்காச் சிரிச்சானாம். "ஏய் கூரியா, நான் ஒண்ணுமே செய்யலடா, தானா வருதுடா"ன்னு. கொஞ்ச நாளு வந்தான். அப்பறம் கூட்டாளிக பாத்துட்டாக. "அரமனைப் பிள்ளை குதிரைக்கு எடுபிடி பாக்குது டோய்"னு ஒரு சொல்லு. ஒரே சொல்லுத்தான். அதோட நின்னுட்டான். அவன் தொடர்ந்து வந்திருந்தா இந்தக் கதையே இல்ல.

வருசம் ஓடுச்சு, குட்டி குதிரையா வளந்துச்சு. மழை பேஞ்சுச்சு. கம்மா நெறஞ்சுச்சு. நெல்லு நட்டு, நெல்லு வளந்து, கார்த்திகை வந்துருச்சு. கோயிலுக்கு முன்னால பனைய நட்டு ஓலையக் கட்டிச் சொக்கப்பனை கொளுத்துவாகல்ல, அதுக்குச் சின்ன ஐயா கொண்டல் மேல ஏறித்தான் வருவேன்னுட்டான்.

கூரியன் ஓடுனாரு. "சாமி, இன்னும் தீ காட்டல சாமி. கூட்டம் காட்டிருக்கேன், தவுலு காட்டிருக்கேன். தீய மட்டும் இன்னும் காட்டல. இந்த ஒரு வருசம் விட்ருங்க."

"குதிரைக்கு நல்ல நாளு பாக்கச் சொல்றியா?"

வாயில முள்ளு வச்ச கடிவாளத்தப் போட்டான். கையில சவுக்கு. பொழுது சாயுற நேரம். ஊரு பூராவும் கோயிலு வாசல்ல. கூரியன முன்னால வரவிடல. "நீ பின்னால நில்லு, சின்ன ஐயா ஏறி வர்ற குதிரைக்கு நீ எதுக்கு"ன்னு தள்ளி நிறுத்திட்டாக.

பந்தத்தப் பனையில வச்சாக. குபீர்னு எரிஞ்சுச்சு. ஓலை படபடன்னு வெடிக்கிது. கொண்டல் என்ன செஞ்சுச்சு? ஓடுச்சா? ஓடல. படிச்சுக் குடுத்தத அப்படியே செஞ்சுச்சு. நின்னுச்சு. நடுங்கிக்கிட்டே நின்னுச்சு. நின்னு, தலையத் திருப்பித் திருப்பி, கூட்டத்துல கூரியனத் தேடுச்சு.

சின்ன ஐயாவுக்கு என்ன தெரியும்? ஊருக்கு முன்னால குதிரை நவுர மாட்டேங்குது. கூட்டாளிக பாக்குறாக. யாரோ சிரிச்சாகளாம். ஓங்கி ஒரு சவுக்கு. மொகத்துல. கண்ணுல பட்டுச்சு. எடது கண்ணு போச்சு.

அதுக்கு மேல அது குதிரை. பறந்துச்சு. கூட்டம் வெலகிருச்சு. கம்மாக்கரை மேல ஏறி ஓடுச்சு. மடைக்குப் பக்கத்துல ஒரு கல்லு, ஆளு ஒசரத்துல பாதி இருக்கும். அந்த எடத்துல அவன் கீழ விழுந்தான். தலை கல்லுல மோதிருச்சு. தூக்கிட்டு வந்தாக. விடியயில உசுரு இல்ல.

கொண்டல் ஒத்தைக் கண்ணோட தெக்க உடைமரக் காட்டுக்குள்ள போயிருச்சு.

அரமனை ஐயா மகனுக்குக் கொள்ளி வச்சிட்டு வந்து நின்னாரு. அழுகல. "அந்தக் குதிரை அந்தக் கல்லுக்கிட்ட சாகணும். அவன் ரத்தம் விழுந்த எடத்துல அது ரத்தம் விழணும்"னாரு. ஆளுக கயித்தோட போனாக, வலையோட போனாக, நாயோட போனாக. அந்த முள்ளுக்காட்டுல எவனால பிடிக்க முடியும்? மனுசன் வாடை வந்தாலே போயிருது. அப்பத்தான் ஒருத்தன் சொன்னானாம், "கூரியன் கூப்பிட்டா வரும் சாமி."

கூரியனக் கூட்டியாந்து நிறுத்துனாக.

"கூப்பிடுடா."

"சாமி, என்னைய வெட்டுங்க."

"ஒன்னைய வெட்டி நான் என்ன செய்ய? கூப்பிடு."

"அது ஒண்ணும் செய்யல சாமி. பயந்தா நில்லுன்னு சொல்லிருந்தேன், நின்னுச்சு."

"என் மகன் செத்துட்டான்டா."

அந்தப் பய காலையில வந்து சிரிச்சதக் கூரியனும் பாத்தவருதான? கண்ணுல தண்ணி ஊத்துது. ஆனா கூப்பிட மாட்டேன்னு மட்டும் தலைய ஆட்டுனாரு.

ஐயா அவர அடிக்கல. அடிச்சிருந்தா கூரியன் தாங்கியிருப்பாரு. ஐயா ஒரே ஒரு காரியம் செஞ்சாரு. மடைய அடைக்கச் சொன்னாரு. ரெண்டு பக்கமும் வேல்கம்போட ஆளக் காவல் போட்டாரு. "குதிரை வந்து நிக்கிற அன்னைக்கு மடை தெறக்கும்"னு தமுக்கு அடிச்சாக.

நெல்லு பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்துல தண்ணி இல்லன்னா அம்புட்டும் பதராப் போயிரும். கம்மா நெறையத் தண்ணி தளும்புது, கீழ வயலு வெடிச்சுக்கிட்டு வருது. மொதல்ல ஊரு அரமனையத் திட்டுச்சு. அப்பறம் கார்த்திகையத் திட்டுச்சு. அப்பறம் குதிரையத் திட்டுச்சு. கடைசியில யாரத் திட்டுச்சு? கூரியன. "ஒரு குதிரை. பேரு தெரியாத எடத்துல இருந்து கப்பல்ல வந்த குதிரை. அதுக்காக ஊரச் சாகக் குடுக்குறான் பாரு"ன்னு.

ஊருக்குத் தலைவர அம்பலம்னு சொல்லுவாக. அப்ப இருந்தவரு பேரு உடையப்ப அம்பலம். கெட்ட மனுசன் இல்ல. அவரு நாலு பெரிய மனுசரக் கூட்டிக்கிட்டு, கைப்பிள்ளைக்காரிகளையும் கூட்டிக்கிட்டு, கூரியன் வீட்டு வாசலுக்கு வந்தாரு. துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாராம். அம்பலம் அப்படி யாரு வாசல்லயும் நின்னதில்ல.

"கூரியா, ஊரு கேட்டு வந்திருக்கு."

"வேற என்ன வேணும்னாலும் கேளுங்க."

"கொல்ல மாட்டாகப்பா. ஐயா சத்தியம் பண்ணிருக்காரு. பிடிச்சு, சீமைக்குத் திருப்பி அனுப்பிருவாகளாம். ஒறவு மொறை எல்லாரும் வந்து சுத்தி நிக்கிறோம். எங்களத் தாண்டி யாரு கைய வைப்பான்?"

நாச்சி குறுக்க விழுந்துச்சு. "பொய்யி! அம்பலம், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. சத்தியம் பண்ணாரா? எந்தக் கோயில்ல பண்ணாரு?"

அம்பலம் நாச்சி மூஞ்சியப் பாக்கல. கூரியன் காலத் தொடக் குனிஞ்சாரு. ஒரு பொம்பளை கைப்பிள்ளையக் கொண்டாந்து கூரியன் காலடியில போட்டுச்சாம்.

அம்பலம் சொன்னது பொய்யின்னு தெரிஞ்சுதான் கூரியன் சரின்னாருன்னு ஒரு பேச்சு இருக்கு. நம்பித்தான் சரின்னாருன்னும் ஒரு பேச்சு இருக்கு. அம்பலம் வழியில வந்த கீழத்தெருக்காரவுக நம்பிப் போனாருன்னுதான் சொல்லுவாக. ஏமாந்த மனுசன்னு சொல்லிட்டுப் போயிரலாம்ல, அவுகளுக்கு அதுதான் தோதா இருக்கு. எங்க வீட்டுல, தெரிஞ்சேதான் போனாருன்னு சொல்லுவோம். குதிரை மூச்ச வச்சே அது நெனைக்கிறது தெரியுற மனுசனுக்கு, அம்பலம் மூஞ்சி தெரியாதா?

ஏன் அவரு நாச்சியக் கூட்டிக்கிட்டு ஓடிப்போயிருக்கக் கூடாதுன்னு கேக்குறீக. போயிருக்கலாம். மடை அடைச்சே கெடக்கும். அந்தப் பிள்ளை காலடியில கெடக்கும். எங்க போனாலும் கெடக்கும்.

மறுநா காலையில கெளம்புனாரு. கைநெறையக் கொள்ளு எடுத்துக்கிட்டாரு. தெருவுல நடக்குறாரு. ஒறவுமொறை வந்து நிக்கும்னு சொன்னாகல்ல? ஒரு கதவு தெறக்கல. அந்தத் தெரு பூராவும் சாத்துன கதவு. உள்ள அடுப்புப் புகை மட்டும் கூரை வழியா வருது. நாச்சி ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கத்திக்கிட்டே போச்சாம், "வாங்கய்யா, சொன்னீகல்ல, வாங்கய்யா"ன்னு. நாயி மட்டும் வந்துச்சு.

கல்லுக்கிட்டப் போனா அரமனை ஐயா நிக்கிறாரு. வேல்கம்புக்காரன் ஒருத்தன் பனைக்குப் பின்னால நிக்கிறான். அம்பலம் தலையக் குனிஞ்சு தள்ளி நிக்கிறாரு.

கூரியன் கல்லுப் பக்கத்துல நின்னு தெக்கப் பாத்தாரு. வாயத் தெறந்தாரு.

"தாயீ..."

ஒண்ணும் இல்ல. காத்து மட்டும்.

"தாயீ..."

உடைமரம் அசஞ்சுச்சு. வந்துருச்சு. முள்ளு கிழிச்ச ஒடம்பு, வத்திப்போன வயிறு, ஒரு பக்கம் கண்ணு இருந்த எடத்துல சீழு. தலைய ஒருச்சாய்ச்சு வச்சு, இருக்குற கண்ணால இவரப் பாத்துக்கிட்டே வருது. இவரு நல்ல கண்ணுப் பக்கமாச் சுத்திப் போயி நின்னாரு. கைய நீட்டுனாரு. கொள்ளத் திண்ணுச்சா? திங்கல. திண்ணுன்னு இவரு சொல்லணும்ல, அதுக்காக நின்னுச்சு. இவரு சொல்லுறாரு, "திண்ணு தாயி"ன்னு. அப்பறம்தான் திண்ணுச்சு.

குருட்டுப் பக்கத்துல இருந்து வேல்கம்புக்காரன் வந்தான். அதுக்குக் காலடிச் சத்தம் கேட்டுச்சு. காது திரும்புச்சு. மனுசன் பக்கத்துல வந்தா என்ன செய்யணும்? ஒதுங்கி எடம் விடணும். ஒரு எட்டு ஒதுங்கி, அவனுக்கு எடம் விட்டுச்சு. அந்த எடத்துல நின்னுதான் அவன் குத்துனான்.

அது சாயயிலயும் தேடுச்சுன்னு சொல்லுவாக. இவரு மொகத்தத்தான். இவரு பயப்படுறாரா இல்லையான்னு பாக்க. கூரியன் மொகத்தத் திருப்பிக்கல. பயப்படாத மாதிரியே மொகத்த வச்சுக்கிட்டு, அது கண்ணுல வெளிச்சம் போற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாராம்.

அரமனை ஐயா போயிட்டாரு. மடை தெறந்துச்சு. அவரு சொன்ன சொல்லு தவறல. அன்னைக்கே தண்ணி பாஞ்சுச்சு. அந்த வருசம் நெல்லு மாதிரி எந்த வருசமும் வெளையலன்னு சொல்லுவாக. கதவு சாத்துனவுக எல்லாரும் வயலுக்கு ஓடுனாக. பொங்கலுக்கு ஊரு பூராவும் புது நெல்லுல பொங்குச்சு. கூரியன் வீட்டுக்கும் ஒரு மூட்டை கொண்டாந்து எறக்குனாக. நாச்சி அத அப்படியே தெருவுல இழுத்துவிட்டுச்சு. மாடு திண்ணுட்டுப் போச்சு. அதுல இருந்து அவுக வீட்டுல புஞ்சை வரகுதான், கேப்பைதான்.

கூரியனுக்கு அப்பறம் ஒரு கொணம் வந்துருச்சு. கூப்பிட்டா வரமாட்டாரு. பேரச் சொன்னா திரும்ப மாட்டாரு. "கூரியா"ன்னா அப்படியே நிப்பாரு, ஒடம்பு நடுங்கும். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாரு. பெத்த மக கூப்பிட்டாலும் வரமாட்டாரு. கம்மாக்கரையிலயே கெடப்பாரு.

நாச்சி என்ன செஞ்சுச்சு தெரியுமா? அம்புட்டுப் பேசுற பொம்பளை, கூப்பிடுறத விட்ருச்சு. கஞ்சிக் கலயத்த எடுத்துக்கிட்டுப் போகும். அவருக்குக் கொஞ்சம் தள்ளி, முதுகக் காட்டிக்கிட்டு ஒக்காரும். பேசாது. திரும்பாது. சில நாளு அவரு எந்திரிச்சு வந்து பக்கத்துல ஒக்காந்து குடிப்பாரு. சில நாளு வரமாட்டாரு. வராத அன்னைக்கும் பொழுது விழுகுற வரைக்கும் ஒக்காந்திருந்துட்டுத்தான் எந்திரிக்கும். அந்த மனுசன் சாகுற வரைக்கும் அப்படித்தான். முழுசா அவரு திரும்பி வரவே இல்ல.

அவரு செத்துக் கொஞ்ச காலத்துல ஊருல மாட்டுக்கு நோவு வந்துச்சு. பட்டி பட்டியாச் சாகுது. அரமனையில ஐயா படுத்த படுக்கை. உடுக்கடிச்சுக் குறி சொல்ற கோடாங்கிய வச்சுக் கேட்டாக. "குதிரை நிக்கிது. பக்கத்துல ஒரு ஆளு கயிறு பிடிச்சு நிக்கிறான். எடம் கேக்குறாக"ன்னு கோடாங்கி சொல்லிட்டான். ஒடனே ஊரு முடிவு பண்ணிருச்சு. கல்லுக்கிட்டக் கோயிலு. மண்ணுல பெரிய குதிரை செஞ்சு வைக்கிறது. பக்கத்துல கூரியனச் சாமியா நிறுத்துறது. வருசா வருசம் பொங்கலு. மொத மரியாதை நாச்சி வீட்டுக்கு. அதுக்குக் கூரியனப் பொதச்ச எடத்துல இருந்து பிடிமண்ணு வேணும். அத அந்த வீட்டு ஆளுதான் எடுத்துக் குடுக்கணும்.

மேளத்தோட வந்தாக. அதே அம்பலம், கெழவனாகி, கம்பு ஊணிக்கிட்டு முன்னால நிக்கிறாரு. தாம்பாளத்துல தேங்கா, பழம், பட்டு.

"ஆத்தா நாச்சி, பிடிமண்ணு குடு. கூரியன நாங்க கும்பிடப் போறோம்."

நாச்சி வாசல்ல நின்னுச்சு. மேளத்த நிறுத்தச் சொல்லிக் கையக் காட்டுச்சு.

"குடுக்க மாட்டேன்"னுச்சு.

"ஆத்தா, ஊரு நோவு..."

"நோவு வந்தா மருந்து பாருங்க. அவரச் சாமியாக்க விடமாட்டேன். சாமியாக்கிட்டா நீங்க செஞ்சது பூராவும் சாமி காரியமாப் போயிரும். வருசத்துக்கு ஒரு நா வந்து கும்பிடுவீக, துன்னூறு பூசிக்கிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருவீக. கும்பிட்டவன் மறந்துருவான், அம்பலம். அவரு சாமி இல்ல. மனுசன். நீங்க கெஞ்சுனீக, அவரு கூப்பிட்டாரு, அது நம்பி வந்துச்சு. அதக் கோயிலாக்கி மூடாதீக. அப்படியே கெடக்கட்டும்."

திரும்பிப் போயிட்டாக. மேளம் அடிக்காமப் போனாக.

அதுல இருந்து அந்தக் கல்லுக்குக் கூப்பிட்டான் கல்லுன்னு பேரு. நம்ம பக்கம் எந்தக் கல்லு சும்மா கெடக்கு? ரோட்டுல பேந்து கெடந்தாலும் மஞ்சளப் பூசிருவாக. இந்தக் கல்லுக்கு மட்டும் எண்ணெ இல்ல, மஞ்சள் இல்ல, வெளக்கு இல்ல. எங்க ஊருல இன்னொரு பழக்கமும் உண்டு. கெடாயோ கோழியோ, அறுக்கப் போற அன்னைக்கு வளத்தவுக அதக் கூப்பிட மாட்டாக. இவுகளே நடந்து போயித்தான் பிடிச்சுக்கிட்டு வரணும். வெளியூருல வாக்கப்பட்டு வந்த பொண்ணுக தெரியாம அந்தக் கோழிய "ப்பா ப்பா"ன்னு கூப்பிட்டா, மாமியாரு வாயப் பொத்திரும்.

ஆனாலும் எவனாச்சும் ஒருத்தன் வந்து கல்லுல எதையாச்சும் பூசிட்டுப் போறான். நாச்சி வயித்து வழியில வந்த பொம்பளைக அதக் கழுவணும். எங்க அம்மா கழுவுச்சு, இப்ப நான் கழுவுறேன். போன ஆடியில யாரோ மஞ்சளப் பூசி, எலுமிச்சம்பழத்தக் குத்தி, ரோஸ் கலருல மாலை போட்டு வச்சிருந்தாக. நான் கம்மாயில இருந்து கொடத்துல தண்ணி மொண்டாந்து, தென்னமட்டையப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். மோட்டார் சைக்கிள்ல போன ஒருத்தன் நிப்பாட்டிட்டான். பதறிப்போயி, "அக்கா, என்னக்கா இப்படிப் பண்றீக, சாமிக் குத்தமாயிரும்க்கா"ன்னான்.

"குத்தந்தான்யா"ன்னேன். "சாமிக்கு அதுல சம்பந்தம் இல்ல."